‘கடல் எங்கே, தருமபுரி எங்கே?’ என்று கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும், இறுதியாண்டுத் திட்டப்பணிகளை ஏற்கவும் தள்ளவும் அதிகாரம் பெற்ற மதிப்பாய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி பென்னாகரத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஓர் உரச் சாக்கு. அதற்குள்ளிருந்து இரண்டரை அடி நீளப் பிவிசி குழாய் ஒன்றை எடுத்தாள். இருபுறமும் தகரத்தில் வெட்டிய இறக்கை, மூக்கில் எம்-சீல் பூச்சு, வயிற்றுக்குள் மாட்டுக்கு ஊசி போடும் அளவில் ஒரு பெரிய சிரிஞ்சு, அதைத் தள்ளி இழுக்க ஒரு சிறு மோட்டார். "டீச்சர், இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றாள்.

இறுதியாண்டுத் திட்டப்பணியாக அவள் செய்யக் கேட்டது, கடலுக்குள் தானே இறங்கித் தானே ஏறும் ‘கிளைடர்’ என்ற வாகனத்தின் சிறு மாதிரி. குழுவில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "கடல் எங்கே அம்மா, தருமபுரி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், மண்ணின் ஈரம் பார்த்துத் தானே திறந்துகொள்ளும் சொட்டுநீர்ப் பாசனம் செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தச் சொட்டுநீர்ப் பாசனத்தை எனக்குத் தெரிந்து பத்து ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து குழுக்கள் செய்கின்றன. அவற்றில் ஒன்றாவது கல்லூரி வாசலைத் தாண்டி வயலுக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் விஷயம் அந்த ஒரு கல்லூரியோடு முடிந்துவிடும். மற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். விசாரித்துப் பார்த்தேன். இந்தக் கேள்வி இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுச் சொத்தாகத்தான் இருக்கிறது. ஆகவே பதிலையும் பொதுவில் எழுதுகிறேன்.

கடல் எங்கே என்று கேட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே ஊத்தங்கரை 140 கிலோமீட்டருக்கு மேல். சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் பொம்மை போல் உருண்டு போன காட்சியை எல்லோரும் கைபேசியில் பார்த்தோம். அன்றைக்குக் கடல் ஊத்தங்கரைப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டுத்தான் போனது.

அந்த மழைக்குக் கடலின் ஒரு குறிப்பிட்ட சுழலே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பாடம் நடத்திய நாக்கு அழுகிவிடும். சொல்ல வருவது இதைத்தான்: புயல் தன் பசிக்குத் தின்பது கடலின் வெப்பத்தை. அந்த வெப்பம் கடலில் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பவற்றில் சுழல்களும் அவற்றுக்குள் நடக்கும் சின்னச் சின்ன வேலைகளும் உண்டு. அந்தச் சின்ன வேலைகளை அளக்க உதவுபவைதான் என் மாணவி சாக்கில் கொண்டுவந்தது போன்ற வாகனங்கள்.

சுழி பார்ப்பது நமக்குப் புதிதா? மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கும் முன்பே சுழியைப் பார்க்கிறவர்கள் நாம். ஆற்றுச் சுழியோ இன்னும் நெருக்கம். என் தாய்மாமன் ஒகேனக்கல்லில் முப்பது ஆண்டுகள் பரிசல் ஓட்டியவர். எங்கள் ஊரில் காலையில் செய்தித்தாள் வந்தால் முதலில் தேடுவது, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி நீர் என்ற எண்ணை. அது ஏறினால் பரிசலுக்குத் தடை, இறங்கினால் பிழைப்பு. மாமனும் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்வார். ஆனால் துடுப்பைக் கையில் எடுத்த பிறகு அதனால் அவருக்கு ஒரு காசு பயன் இல்லை. மொத்த ஆற்றுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, இந்தப் பாறைக்குப் பின்னால் இந்த நிமிடம் சுழி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாறைக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும். ஓடும் நீருக்கும் சுழலும் நீருக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் ஒரு கோடு தெரியும். நுரை, இலை, குச்சி, சுற்றுலா வந்தவர்கள் போட்ட பிளாஸ்டிக் தட்டு எல்லாம் அந்தக் கோட்டில் வந்து வரிசை கட்டும். "ஆற்றைப் பார்க்காதே, கோட்டைப் பார்" என்பார் மாமன். நீர் மடிந்து கீழே போகிற இடம் அது. மிதக்கிற பொருள் மட்டும் கூடப் போக முடியாமல் மேலே நின்றுவிடுகிறது. இயற்பியல் படித்த பிறகுதான் அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது.

கடலிலும் அதே கோடு இருக்கிறது. அளவுதான் வேறு.

வங்கக் கடலில் ஒரு பெருஞ்சுழல் என்றால் அதன் குறுக்களவு நூறு, இருநூறு கிலோமீட்டர். ஓசூரில் ஒரு கரையும் சேலத்தில் மறு கரையும் வைத்தது போல. ஆற்றுச் சுழியைப் போல இது ஒரு பாறைக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதில்லை. பூமியின் சுழற்சி இதைப் பிடித்து வைத்திருக்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடிருந்து மெல்ல மெல்ல மேற்கு நோக்கி நகர்கிறது. நம் வடக்கு அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுவதன் நடுவில் கடல்மட்டம் சற்றுப் பள்ளம். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே ஏறி நிற்கும். வலஞ்சுழியின் நடுவில் மட்டம் மேடு; வெதுநீர் ஆழம் வரை இறங்கித் தடித்துக் கிடக்கும். மேடும் பள்ளமும் சேர்த்தால்கூடச் சில பத்து சென்டிமீட்டர்தான். அதைச் செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து அளந்துவிடுகிறது. 1992-இல் ஏவிய டோபெக்ஸ்-பொசைடான் முதல், 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாம் பிரான்சுடன் சேர்ந்து ஏவிய சரள் வரை பல கோள்கள் இந்த வேலையைச் செய்திருக்கின்றன.

இது எதற்கு ஆகும் என்று கேட்பீர்கள். 2008 மே மாதம் மியான்மரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நர்கிஸ் புயல், வங்கக் கடலில் வெதுநீர் வழக்கத்தைவிடத் தடித்துக் கிடந்த பகுதியைக் கடந்தபோதுதான் மளமளவென்று வலுத்தது. மேல் ஓரடுக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், புயல் கலக்கிய கலக்கில் அடிநீர் மேலே வந்து கடல் குளிர்ந்துவிடும்; புயலின் அடுப்பு தானே அணையும். வெதுநீர் ஆழமாக இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது வெதுநீரே.

ஆனால் செயற்கைக்கோள் காட்டுவது பிலிகுண்டுலு எண்ணைப் போன்றது. உண்மைதான், தேவைதான், பரிசல் ஓட்டப் போதாது. பெருஞ்சுழலின் விளிம்பில், இரண்டு சுழல்கள் ஒன்றையொன்று உரசும் இடத்தில், கனமான நீரும் இலகுவான நீரும் பக்கம் பக்கமாக இழுபட்டு நெருங்குகின்றன. அங்கே மாமனின் கோடு பிறக்கிறது. அகலம் சில நூறு மீட்டர் முதல் பத்துக் கிலோமீட்டர் வரை. அதிகம் போனால் தருமபுரியிலிருந்து அதியமான்கோட்டைத் தொலைவு. ஆயுளோ சில மணி நேரம் முதல் சில நாள். கனமான பக்கம் நீர் அமிழ்கிறது; இலகுவான பக்கம் ஏறுகிறது. பெருஞ்சுழல் மொத்தமாக நீரை மேலும் கீழும் நகர்த்தும் வேகம் நாளைக்குச் சில மீட்டர் என்றால், இந்தக் கோட்டில் அது நாளைக்குப் பல பத்து மீட்டர், சில வேளை நூறு மீட்டரைத் தொடும்.

இந்த எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடலில் புல் பூண்டு ஏறக்குறைய எல்லாமே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிதான். அதற்கு ஒரு சிக்கல்: மேலே வெயில் இருக்கிறது, சத்து இல்லை. கீழே சத்து இருக்கிறது, வெயில் இல்லை. நுண்பாசி ஒன்று இரண்டாவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். சத்துநீரும் அதே ஓரிரு நாளில் மேலே வந்து சேர்ந்தால் பாசி பிழைத்துப் பெருகும், மீன் வரும். மாதக் கணக்கில் வந்தால் கதை வேறு. சின்னக் கோட்டின் கடிகாரமும் பாசியின் கடிகாரமும் ஒத்துப்போகின்றன; பெருஞ்சுழலின் கடிகாரம் ஒத்துப்போவதில்லை. அதே போல, மேலே பாசி உறிஞ்சிய கரியமிலச் சரக்கைக் கீழே இறக்கும் வேலையிலும் இந்தக் கோட்டின் அமிழும் பக்கத்துக்குப் பங்கு உண்டு.

அதற்கும் கீழே இன்னோர் உலகம். விரற்கடை அளவுக் கலக்கம். பாலில் டிகாஷனை ஊற்றினால் முதலில் கோடு கோடாகச் சுருண்டு, கடைசியில் ஒரே நிறமாகிறதே, அந்தக் கடைசிக் கணம். பெருஞ்சுழல் நீரை இழுத்து நீட்டுகிறது, கோடுகள் மடிக்கின்றன, ஆனால் வெப்பமும் உப்பும் உண்மையில் ஒன்றோடொன்று கலப்பது இந்த விரற்கடை அளவில்தான். வலஞ்சுழிகளுக்கு ஒரு தனிக் குணமும் உண்டு: மேலே காற்று எழுப்பிய ஒருவகை மெதுவான அலைகளை அவை பொறியில் எலியைப் பிடிப்பது போலப் பிடித்து ஆழத்துக்கு இறக்குகின்றன. அங்கே அலை உடைகிறது. யாரும் காணாத இடத்தில் நீர் கலங்குகிறது. கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் கணினி மாதிரிகளில் ஒரு கட்டம் பொதுவாகச் சில கிலோமீட்டர் அகலம். இந்தக் கலக்கம் எதுவும் அந்தக் கட்டத்துக்குள் தெரியாது. ‘இவ்வளவு கலக்கம் இருக்கும்’ என்று ஓர் எண்ணைக் கையால் போட்டுத்தான் கணக்கை ஓட்டுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வர வேண்டும்? யாராவது போய் அளந்தால்தான் உண்டு.

கப்பல் போய் அளக்கட்டுமே என்பீர்கள். போகிறது. ஆனால் நாள் வாடகையை நினைத்தாலே தலை சுற்றும். புயல் நேரத்தில் நிற்க முடியாது. அதற்கும் மேலாக, கப்பலின் அடிப்பாகமும் விசிறியுமே மேல் சில மீட்டர் நீரைக் கலக்கிவிடுகின்றன. கலக்கத்தை அளக்கப் போனவரே குட்டையைக் குழப்பினால் எதை அளப்பது?

இங்கேதான் என் மாணவியின் சாக்கு. கிளைடருக்கு விசிறி கிடையாது. ஐம்பது, அறுபது கிலோ எடையில் ஓர் ஆள் நீளம். உள்ளே ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெய். அந்த எண்ணெயை வெளியில் இருக்கும் ஒரு ரப்பர் பைக்குள் தள்ளினால் உடலின் பருமன் கூடி மிதக்கும். உள்ளே இழுத்துக்கொண்டால் பருமன் குறைந்து மூழ்கும். ஆர்க்கிமிடிஸ் சொன்னதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பேட்டரியையே முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கைத் தாழ்த்தும், உயர்த்தும். இறக்கை இருப்பதால் நேராக விழாமல் சரிந்து முன்னேறும். ஆயிரம் மீட்டர் ஆழம் போய் மேலே வர ஐந்தாறு மணி நேரம். மேலே வந்ததும் ஜிபிஎஸ் பார்த்து, செயற்கைக்கோள் தொலைபேசியில் அளவுகளைச் சொல்லிவிட்டு, புதிய கட்டளையை வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கும். மாதக்கணக்கில் இப்படியே. 1989-இல் கடலியலாளர் ஹென்றி ஸ்டாம்மல், டக் வெப் என்ற பொறியாளரின் யோசனையைக் கேட்டு, இத்தகைய வாகனங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலில் திரிவதைக் கற்பனையாக எழுதினார். அப்போது அப்படி ஒரு வாகனமும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. 2009-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கிளைடர் ஒன்று 221 நாளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஸ்பெயின் பக்கம் வந்து சேர்ந்தது.

இதில் என்னை மிகவும் மயக்கிய செய்தி ஒன்று உண்டு. நீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. கிளைடர் தன் சரிவையும் திசையையும் வைத்து, ‘நான் இந்த இடத்தில் மேலே வருவேன்’ என்று குருட்டுக் கணக்குப் போடுகிறது. மேலே வந்து பார்த்தால் வேறெங்கோ இருக்கும். அந்த வித்தியாசம் எதனால்? நீரோட்டம் தள்ளியதால். ஆகவே அந்தப் பிழையை நேரத்தால் வகுத்தால், இறங்கி ஏறிய ஆழம் முழுவதற்குமான சராசரி நீரோட்டம் கிடைத்துவிடுகிறது. கணக்கில் வரும் தப்பே அளவையாகிவிடுகிறது! முப்பத்தொரு ஆண்டுகள் விடைத்தாளில் சிவப்பு மையால் பிழை சுழித்தவள் நான். இதைப் படித்த அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

குறை இல்லையா? நிறைய உண்டு. கிளைடரின் வேகம் விநாடிக்குக் கால் மீட்டர். நாளெல்லாம் போனாலும் இருபது கிலோமீட்டர். சுழலின் ஓட்டமோ விநாடிக்கு அரை மீட்டரைத் தாண்டிவிடும். எதிர்த்துப் போனால் பின்னுக்குத்தான் போகும். பரிசலைப் போலக் குறுக்காக வெட்டத் தெரிய வேண்டும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா பார்த்திருப்பீர்கள். தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருவர் நிதானமாக நடந்துகொண்டே, போகிற வழியில் கண்ணில் பட்டதைப் படமாக வரைகிறார் என்று வையுங்கள். எருது அவரோடு கூடவே ஓடினால் தெரு நீளத்துக்கு எருது என்று வரைவார். எதிரே பாய்ந்து போனால் எருதே இல்லை என்பார். மெதுவாகப் போகும் ஒற்றைக் கிளைடருக்கும், சில மணி நேரத்தில் உருமாறும் கோட்டுக்கும் நடுவே நடப்பது இதுதான். ஆகவே ஒன்று போதாது. நாலைந்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஓரிரு நாள் மட்டும் ஓடினாலும் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் விசிறி வைத்த தன்னியக்க வாகனங்களும் வேண்டும். 2017-இல் பிரிட்டனின் விசிறி வைத்த தன்னியக்க வாகனம் ஒன்று அண்டார்க்டிகா பக்கத்து ஆர்க்னி கணவாயில் அடியாழக் கலக்கத்தை அளந்தது. ஒரு கப்பலுக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்ற கேலிப் பெயர், கப்பலுக்கு வைக்கக் கூச்சப்பட்டு இந்த வாகனத்துக்கு வந்து சேர்ந்தது. இருக்கட்டும், பெயரில் என்ன.

2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் பழைய கோள்களைப் போல ஒற்றைக் கோடாகப் பார்க்காமல் 120 கிலோமீட்டர் அகலப் பாயாக விரித்துப் பார்க்கிறது. சின்னச் சுழல்களின் முகம் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அதே தடத்துக்கு அது திரும்பி வர 21 நாள். கோட்டின் ஆயுளோ அதிகம் போனால் சில நாள். தவிர, எந்தக் கோளும் மேல்தோலைத்தான் பார்க்கும். உள்ளே என்ன என்று பார்க்க யாராவது முங்கித்தான் ஆக வேண்டும்.

நம் வங்கக் கடலுக்கு வருவோம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. (காவிரியும் தென்பெண்ணையும் நம் மாவட்டங்கள் வழியாகத்தான் போகின்றன, கடல் வரை மிஞ்சிச் சேர்வது எவ்வளவு என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.) நன்னீர் இலகு, மேலேயே மெல்லிய போர்வையாகப் படர்கிறது. சுழல்கள் அந்தப் போர்வையை இழுத்து நாடா நாடாவாகக் கிழிக்கின்றன. போர்வைக்குக் கீழே வெதுநீர் மாட்டிக்கொள்கிறது. பனிக்காலத்தில் மேல்நீர் குளிர்ந்திருக்க, அடியில் அதைவிட வெதுவெதுப்பான நீர் கிடப்பதுகூட உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நமக்கு மழையும் புயலும் வரும் அதே பருவத்தில், புயல் இந்தக் கடலைக் கலக்கினால் மேல்மட்டம் எதிர்பார்த்த அளவு குளிராமல் போகலாம். போர்வை எவ்வளவு தடிப்பு, நாடாவின் ஓரத்தில் எவ்வளவு கலக்கம் என்பது தெரியாமல் இதைச் சரியாகக் கணிக்க முடியாது.

கிளைடருக்கும் இந்தப் போர்வை ஒரு சோதனை. மேல்நீர் மிக இலகுவாக இருப்பதால், ஆழத்தில் மிதக்கப் போதுமான எண்ணெய் மேலே வந்து எட்டிப் பார்க்கப் போதாமல் போகும். வேறு கடலுக்கென்று சமன்செய்த வாகனம் வடக்கு வங்கக் கடலில் திணறும். நம் கடலுக்கு ஏற்ற மிதவைப் பம்பை யாரோ ஒருவர் உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் பித்தளையையும் எஃகையும் மைக்ரான் கணக்கில் கடைகிறவர்கள் எத்தனை பேர்? ஹைட்ராலிக் பம்பும், கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் வளையமும் அவர்களுக்குத் தினப்படி சோறு. இது உங்கள் மாணவர்களுக்கு எட்டாத வேலையா?

கடற்கரையில் இருந்தால்தான் கடலைப் படிக்கலாம் என்பது உண்மையானால், மீனவர்களுக்கு மீன் இருக்கும் இடம் சொல்வதும் சுனாமி எச்சரிக்கை தருவதுமான இன்காய்ஸ் மையத்தை 1999-இல் ஹைதராபாதில் வைத்தவர்கள் பைத்தியக்காரர்கள். 2016 ஜூன், ஜூலையில் இலங்கைக்குக் கிழக்கே ‘சிந்து சாதனா’ கப்பலிலிருந்து கிளைடர்களை இறக்கி, பருவமழை நீரோட்டத்தையும் அங்கே ஆண்டுதோறும் எழும் ஒரு குளிர்ந்த இடஞ்சுழியையும் ஆராய்ந்தார்களே, ‘பாபிள்’ என்ற அந்த இந்திய-பிரிட்டிஷ் ஆய்வு? அதன் இந்தியத் தலைமை பி.என். விநயச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அங்கே கடல் எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்டுங்கள். கொச்சியின் கடற்படை ஆய்வுக்கூடம்கூடத் தன் ஒலியியல் சோதனைகளுக்கு மலைமேல் ஏறி, இடுக்கி நீர்த்தேக்கத்தின் குளமாவுக்குப் போகிறது.

வேலை கிடைக்குமா என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி, பெற்றோர் வட்டிக்கு வாங்கிப் பீஸ் கட்டுகிறார்கள். 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு 4,077 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு வகிக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னை பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. ஆறாயிரம் மீட்டர் இறங்கும் தன்னியக்க வாகனத்தைக் கையில் வைத்திருக்கிறது. அங்கே நுழைவது எளிது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீர் புகாமல் அடைப்பது, குறைந்த மின்சாரத்தில் மாதக்கணக்கில் ஓட்டுவது, தகவல் வராத நேரத்திலும் வாகனம் தானே முடிவெடுப்பது ஆகியவற்றைக் கையால் செய்து பார்த்த பிள்ளையை ஓசூரில் எந்தத் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லும்?

அவள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டாள் என்பதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட செய்தி. இண்டூர்ப் பக்கம் அவள் அப்பாவுக்கு ஒரு கிணறு இருக்கிறது. முதல் முறை இறக்கியபோது ஓ-ரிங் கசிந்து வாகனம் அடியில் போய்ப் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி பரணிலிருந்து பாதாளக் கரண்டியை எடுத்துக் கொடுக்க, ஒரு பகல் முழுவதும் துழாவி, கூடவே என்றோ விழுந்த இரண்டு குடங்களையும் சேர்த்து மேலே கொண்டுவந்தார்கள். நான்காவது முறை அது தானே இறங்கி, அடியைத் தொடுவதற்கு முன் சிரிஞ்சைத் தள்ளி, தானே மேலே வந்தது. நான் கிணற்று மேட்டில் நின்று பார்த்தேன். மூக்கு நீரைக் கிழித்து எட்டிப் பார்த்தபோது அவள் அப்பா கை தட்டினார். பிறகு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

அதன் மூக்கில் ஒரு வெப்ப சென்சாரும் வைத்திருந்தாள். கிணற்றில் குதித்துக் குளித்த எல்லோருக்கும் தெரியும்: மார்பு வரை வெதுவெதுப்பு, காலில் சில்லென்று இருக்கும். அந்த மாற்றம் எவ்வளவு மெல்லிய அடுக்கில் நடக்கிறது என்பதை அவள் வரைபடமாக எடுத்திருக்கிறாள். வெயில் ஏறிய மதியத்தில் ஒரு கோடு, மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்த பின் இன்னொரு கோடு. இரண்டாவதில் அடுக்கு கலைந்து போயிருக்கிறது. கடலியலாளர் வங்கக் கடலில் செய்வதை அவள் அப்பாவின் கிணற்றில் செய்திருக்கிறாள். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய நூறு மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கும். இந்தப் பிவிசி குழாய் அதற்கு வெகு முன்பே அப்பளமாக நொறுங்கிவிடும். அது அவளுக்கும் தெரியும். அவள் கடலுக்கு அனுப்பக் கேட்கவில்லை. ஒரு மதிப்பெண் தாளில் தலைப்பாக எழுத இடம் கேட்டாள்.

உங்களிடம் நான் கேட்பதும் அதிகமில்லை. தலைப்பைத் தள்ளும் முன் வாகனத்தை ஒரு வாளித் தண்ணீரிலாவது போட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 52 அடி. கிணற்றை முடித்த பிள்ளைகளுக்கு அடுத்த வகுப்பு அதுதான். ஆனால் ஒரு மாணவி தனியாக மனுக் கொடுத்தால் அது எந்த மேசையில் போய்த் தூங்கும் என்று உங்களுக்கும் தெரியும். முதல்வரின் கையெழுத்தோடு நீர்வளத் துறைக்குப் போனால், மீன்பிடி இல்லாத ஒரு காலை நேரத்தில் அரை நாள் அனுமதி கிடைக்காதா? இரும்பையும் தகரத்தையும் தொட விரும்பாத கணினித் துறைப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது: உலகக் கடல்களில் மிதந்து, தானே மூழ்கி ஏறி அளக்கும் ஏறத்தாழ நாலாயிரம் ஆர்கோ மிதவைகளின் அளவுகளும், பல கிளைடர்களின் அளவுகளும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. இந்தியப் பெருங்கடலுக்கானதை இன்காய்ஸே தருகிறது. அவற்றில் சென்சார் தாமதத்தால் வரும் உப்புப் பிழையைத் திருத்துவதே ஒரு முழு ஆண்டுத் திட்டப்பணிக்குக் காணும். மதிப்பாய்வுக்குக் கடல்துறை அறிந்த ஒருவரைக் காணொளியிலாவது கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியாத துறை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் ஓய்வு பெறும் வரை தெரியாது. அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் படித்தேன்.

அவளுடைய அடுத்த மதிப்பாய்வு பங்குனியில். கிணற்றில் இன்றைய கணக்குக்குப் பதினெட்டு அடி தண்ணீர் இருக்கிறது. தக்காளிக்கு நாள் விட்டு நாள் மோட்டார் போடுகிறார்கள். வாரத்துக்கு ஓர் அடி வீதம் இறங்குகிறது. வாகனம் ஒழுங்காகச் சரிந்து இறங்கி ஏறப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். ஏற்பதோ தள்ளுவதோ, அந்த ஆறு அடி குறைவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருத்தி,
பென்னாகரம்.